கேட்காதவள் நின்ற பாறை

எங்கள் மலையில் ஆள் காணாமல் போனால் தேடுவதற்கு ஒரு முறை இருக்கிறது. எடுத்தவுடன் யாரும் பள்ளத்தில் இறங்கமாட்டார்கள். ஆளுக்கொரு மேட்டில் போய் நிற்பார்கள். ஒருவர் மட்டும் காணாமல் போனவரைக் கூப்பிடுவார். மற்றவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பார்கள். பதில் குரல் யார் காதில் விழுகிறதோ அவர் 'கூ' என்று நீட்டிச் சத்தம் கொடுக்க வேண்டும். எந்தெந்த மேட்டிலிருந்து அந்தச் சத்தம் வந்தது என்பதை வைத்து ஆள் இருக்கும் இடத்தை முடிவு செய்வார்கள். அதற்கப்புறம்தான் கயிறும் கொடுவாளும் எடுப்பார்கள். ஐப்பசியில் மூட்டம் இறங்கிவிட்டால் பத்தடி தள்ளி நிற்பது மாடா மரமா என்று தெரியாத ஊர் இது. கண்ணை நம்பி இங்கே யாரையும் தேட முடியாது.

குரல் காதில் விழாதவர் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. சும்மா நின்றுவிட்டுத் திரும்பி வந்துவிடலாம்.

இந்த முறையில் ஒரு குறை இருக்கிறது. அது எனக்குப் போன தை மாதம்தான் விளங்கியது, அதுவும் வானத்தைப் பற்றிய ஒரு பேச்சில்.

நான் இந்த மலையிலேயே பெரக்கரை நாட்டுக்காரி; ஊர்கள் சேர்ந்த பகுதியை நாங்கள் நாடு என்போம். பத்தாவது வரை படித்தேன். என்னைக் கட்டிக் கொடுத்தது மலைக்குக் கீழே, காரவள்ளி தாண்டி ஒரு ஊரில். இரண்டே வருடத்தில் பெட்டியோடு திரும்பி வந்தேன். அண்ணன் வாசலில் நின்றுகொண்டிருந்தார். ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. பெட்டியை வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்தார். அண்ணி ஒரு தட்டில் சோறு போட்டு வைத்தார். அன்று முதல் அதுதான் என் வீடு. இப்போது அண்ணன் இல்லை. அண்ணியும் நானும் இருக்கிறோம். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறேன். நான்கு பேர் கூடி நிற்கும் இடத்தில் எனக்கு வாய் திறக்காது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுக்கும்போது 'உள்ளேன் ஐயா' என்று சொல்லவே நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

அண்ணனுக்கு ஒரே மகள். அண்ணன் இறந்தபோது அவளுக்கு எட்டு வயது. இப்போது வெளி மாநிலத்தில் ஆராய்ச்சிப் படிப்பு படிக்கிறாள். பொங்கலுக்கு வந்தால் பாதி நேரம் கோயில் மேட்டில்தான் இருப்பாள். எங்கள் பக்கத்தில் போனுக்கு டவர் கிடைக்கும் இடம் அது ஒன்றுதான். அவள் வேலைக்கு எந்த நேரமும் தகவல் வருமாம். வந்த உடனே பார்க்க வேண்டுமாம்.

பொங்கலன்று பக்கத்துத் தோட்டத்துக்காரர் வந்திருந்தார். எனக்கு அண்ணன் முறை, அவளுக்குப் பெரியப்பா.

"ஏங்கண்ணு, கம்ப்யூட்டர் வேலைதானே உனக்கு?"

"அப்படியும் சொல்லலாமுங்க பெரியப்பா. வானத்துல எங்கியோ ஒரு அதிர்வு நடக்கும். அது எந்த மூலையில இருந்து வந்துச்சுன்னு கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கறோம்."

"கண்டுபிடிச்சு?"

"தொலைநோக்கி வெச்சிருக்கறவங்களுக்கு, இந்தப் பக்கம் திருப்பிப் பாருங்கன்னு சொல்லுவோம்."

"எத்தன தூரம் இருக்கும்?"

"அங்க கெளம்பின வெளிச்சம் இங்க வந்து சேரவே கோடிக்கணக்கான வருசம் ஆகும்."

அவர் கரும்பைக் கடிப்பதை நிறுத்தினார். "அட சாமி! என்ற செவலைக் கன்னு போன மாசம் எந்தப் பள்ளத்துல எறங்குச்சுன்னே இன்னும் தெரியல. மொதல்ல அதக் கண்டுபுடிச்சுக் குடு."

"அவளையா கேக்கறீங்க?" என்றார் அண்ணி உள்ளிருந்து. "தன்ற செருப்பு எங்க கெடக்குதுன்னு தெரியாது அவளுக்கு. காலைல இருந்து ஒத்தைச் செருப்போட சுத்தறா."

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

மறுநாள் அண்ணி சந்தைக்குப் போய்விட்டார். அவளும் நானும் களத்தில் உட்கார்ந்து மிளகுக் கொத்துகளை உருவிக்கொண்டிருந்தோம். பொங்கலுக்கு வாங்கியதில் மிஞ்சிய அரசாணிக்காய் ஒன்று, மஞ்சள் பூசணி, உருண்டையாகச் சுவரோரம் கிடந்தது. எனக்கு அவளிடம் மட்டும் கொஞ்சம் பேச்சு வரும். முந்தின நாள் பெரியப்பாவிடம் சொன்னதைத் திரும்பக் கேட்டேன்.

ரொம்பக் கனமான இரண்டு நட்சத்திரங்கள் ஒன்றையொன்று சுற்றிச் சுற்றி நெருங்கி மோதும்போது, அதில் இடமே ஒரு நடுக்கம் நடுங்கும் என்றாள். குளத்தில் கல் போட்டால் அலை போகிற மாதிரி அந்த நடுக்கம் எல்லாத் திசையிலும் போகும். பூமியைத் தாண்டும்போது நாமும், இந்த மிளகும், இந்த மலையும் துளியிலும் துளியாக நீண்டு சுருங்குவோம். நமக்குத் தெரியாது. அதைப் பிடிப்பதற்கென்று மைல் கணக்கில் நீளமான இரண்டு குழாய்களை மூலைமட்டம் மாதிரி வைத்து, உள்ளே ஒளியை விட்டு அளக்கிறார்கள். அமெரிக்காவில் இரண்டு இடத்தில் இருக்கிறது. இத்தாலியில் ஒன்று. நம் நாட்டிலும் ஒன்று கட்டப்போகிறார்கள்.

"அது காதுல கேக்கற சத்தம் இல்லீங்க அத்தை. ஆனாலும் நாங்க பேச்சுக்கு 'கேட்டுச்சு'ன்னுதான் சொல்லிக்குவோம்."

"எந்தப் பக்கமிருந்து வந்துச்சுன்னு அந்தக் குழாய்க்குத் தெரியுமா?"

"அதான் சங்கடமே. தெரியாது. மூட்டத்துல நிக்கற ஆள் மாதிரி. கேட்டுச்சா, எப்பக் கேட்டுச்சு, எவ்வளவு பலமாக் கேட்டுச்சு, அவ்வளவுதான் அதுக்குத் தெரியும். ஒரே இடத்துல வெச்சுப் பாத்தா ஒண்ணும் சொல்ல முடியாது. ரெண்டு எடம் வேணும். எதுல முன்னாடி கேட்டுச்சு, எதுல பின்னாடி கேட்டுச்சுன்னு பாக்கணும்."

அரசாணிக்காயை எடுத்து மடியில் வைத்தாள். "இதுதான் வானம்னு வெச்சுக்குங்க. நாம இதுக்கு உள்ள நடுவுல இருக்கோம்." தலைமுடியிலிருந்து ரப்பர் பேண்டைக் கழற்றி, இழுத்து, காயின் மேல் வட்டமாக மாட்டினாள். "ரெண்டு எடத்துல கேட்டா, இந்த வட்டத்துல எங்கியோ ஒரு எடம்னு தெரியும். எங்கன்னு தெரியாது. இத்தனையும் தேடணும். வானத்துல இது எவ்வளவு நீளம் தெரியுமா? தேடி முடிக்கறதுக்குள்ள அந்த வெளிச்சம் மங்கிப் போயிரும்."

"மூணாவது ஒண்ணு இருந்தா?"

"கெட்டிக்கார அத்தை!" இன்னொரு ரப்பர் பேண்டை மணிக்கட்டிலிருந்து எடுத்துக் குறுக்கே மாட்டினாள். அது காயின் வரிப்பள்ளத்தில் வழுக்கியது. பிடித்துச் சரி செய்தாள். இரண்டு வட்டங்களும் இரண்டு இடத்தில் வெட்டின. "இப்ப இங்க, இல்லைன்னா அங்க. ரெண்டுல ஒண்ணு."

பிறகு அவள் படிப்புக்குப் போவதற்கு முன்னால் நடந்த ஒன்றைச் சொன்னாள். ஒரு தடவை அமெரிக்காவில் இரண்டு இடத்திலும் நன்றாகக் கேட்டதாம். இத்தாலியில் இருந்தது அப்போதுதான் புதிதாக வேலையைத் தொடங்கியிருந்தது. அதில் கேட்டும் கேட்காத மாதிரி இருந்ததாம்.

"பழுதா?"

"பழுது இல்ல. நல்லாத்தான் ஓடிக்கிட்டு இருந்துச்சு."

"அப்ப அத விட்டுட்டு, கேட்ட ரெண்ட மட்டும் வெச்சு..."

"அதுதான் இல்லீங்க அத்தை!" அவள் குரல் உயர்ந்தது. "கேக்கலைங்கறதுதான் அன்னிக்குப் பெரிய சேதி. ஒவ்வொரு கருவிக்கும் சில திசை சரியாக் கேக்காது. அது எந்தத் திசைன்னு நமக்கு முன்னாடியே தெரியும். மத்த ரெண்டுக்கும் இவ்வளவு பலமாக் கேட்டது இதுக்குக் கேக்கலைன்னா, இதுக்குக் கேக்காத அந்த மூலையிலதான நடந்திருக்கணும்? அப்படித்தான் வானத்துல ஒரு சின்ன எடமாக் குறுக்கினாங்க. அன்னிக்கே அங்க தொலைநோக்கியத் திருப்பினாங்க. முன்னாடி இல்லாத ஒரு வெளிச்சப் புள்ளி அங்க இருந்துச்சு."

என் கையில் மிளகுக் கொத்து அப்படியே நின்றுவிட்டது.

"கேக்கலைன்னு அந்த மூணாவது யாருகிட்ட சொல்லுச்சு?" என்று கேட்டேன்.

அவள் சிரித்தாள். "அது எங்க சொல்லும்? அதுபாட்டுக்குப் பதிஞ்சுக்கிட்டு இருக்கும். நாம போய்ப் பாக்கணும்."

"போய்ப் பாப்பாங்களா?"

"பாக்காம? கேக்காததையும் கண்டிப்பாப் பாக்கணுமே."

நான் எழுந்து வீட்டுக்குள் போனேன். பானையில் தண்ணீர் மொண்டு குடித்தேன். திரும்ப மொண்டு குடித்தேன். பதினாறு வருடமாக ஒரு பேச்சு என் வயிற்றில் கிடந்தது. அதற்குப் பெயர் என்ன என்றுகூட எனக்குத் தெரியாமல் இருந்தது. களத்துக்குத் திரும்பி வந்து அவளிடம் சொன்னேன்.

அண்ணன் காணாமல் போன அன்று ஐப்பசி. மதியத்திலிருந்து தூறலும் மூட்டமும். கிடாரிக் கன்று திரும்பவில்லை என்று அண்ணன் தேடப் போனார். நாலு மணி ஆகியும் வரவில்லை. அண்ணி பக்கத்துத் தோட்டத்துக்காரரைக் கூப்பிட்டார். அக்கம்பக்கத்து ஆட்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்தார்கள். வழக்கப்படி ஆளுக்கொரு மேட்டுக்குப் பிரிந்தார்கள். அண்ணி வீட்டு முன்னால் நின்றார். பக்கத்துத் தோட்டத்துக்காரர் கோயில் மேட்டுக்குப் போனார். என்னை வழுக்குப்பாறைக்குப் போகச் சொன்னார்கள்.

எங்கள் வீடும் கோயில் மேடும் ஒரே முகட்டின் மேல் இருக்கின்றன. முகட்டுக்கு மேற்கே ஒரு பள்ளம், கிழக்கே ஒரு பள்ளம். மேற்குப் பள்ளம் சாய்வானது, காப்பித் தோட்டம், நடந்தே இறங்கலாம். கிழக்குப் பள்ளம் செங்குத்துக் காடு. வழுக்குப்பாறை முகட்டிலிருந்து கொஞ்சம் கீழே மேற்குப் பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கிறது. அதன் முதுகுக்குப் பின்னால் சுவர் மாதிரி மலை. மேற்குப் பள்ளத்தில் எது நடந்தாலும் அந்தப் பாறைக்குக் கேட்கும். கீழே ஓடையில் துணி துவைக்கும் பெண்கள் பேசுவது வார்த்தை வார்த்தையாகக் கேட்கும். நான் கணவன் வீட்டிலிருந்து திரும்பி வந்த புதிதில், "ரெண்டு வருசங்கூட இருக்க முடியலையாமா மகராணிக்கு?" என்று அவர்கள் பேசிச் சிரித்ததை அந்தப் பாறைமேல் உட்கார்ந்துதான் கேட்டேன். அதனால் எனக்கு அது நன்றாகத் தெரியும்.

கோயில் மேட்டிலிருந்து அண்ணனைக் கூப்பிட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்துக் கோயில் மேட்டிலிருந்தே 'கூ' வந்தது. பிறகு வீட்டுப் பக்கமிருந்து அண்ணியின் 'கூ'. அண்ணன் பதில் கொடுத்திருக்கிறார், உயிரோடு இருக்கிறார் என்று எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனால் என் காதில் அந்தக் குரல் விழவில்லை. சில்வர் ஓக் மரங்களிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம். கீழே ஓடைச் சத்தம். மூன்று தடவை கூப்பிட்டார்கள். மூன்று தடவையும் அவர்கள் இரண்டு பேருக்கும் கேட்டது. மற்றவர்கள் நின்ற மேடுகள் ரொம்பத் தள்ளி; அங்கிருந்து 'கூ' வரவில்லை. எனக்குக் கேட்கவில்லை.

நான் வீட்டுக்குத் திரும்பியபோது ஆண்கள் வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள்.

"எங்கெங்க கேட்டுச்சு?"

"கோயில் மேட்டுல நல்லாக் கேட்டுச்சு. இங்க கொஞ்சம் கம்மியாக் கேட்டுச்சாம். அப்ப கோயிலுக்கு நேராத்தான் இருக்கணும்."

"நேரான்னா எந்தப் பக்கம்? மேக்கயா, கெழக்கயா?"

மூட்டத்தில் குரல் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று சொல்ல முடியாது. எதிர்ப்பாறை வேறு திருப்பிச் சொல்லும். கோயில் மேட்டுக்காரர் தெரியலையே என்றார். அண்ணி, "மேக்க" என்றார். கன்றின் குளம்புத் தடமும் மேற்குப் பக்கம்தான் போயிருந்தது. சரி என்று கிளம்பினார்கள்.

நான் அண்ணிக்குப் பின்னால் நின்றிருந்தேன். 'பாறைக்குக் கேக்கலையே' என்று ஒரு வார்த்தை என் வாய்வரை வந்தது. யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்காதவளுக்குச் சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்தேன். என் காதுதான் மந்தமோ என்று நினைத்தேன். இத்தனை ஆண்கள் நடுவில் நான் வாய் திறந்து, அது அபசகுனமாகப் போய்விட்டால் என்றும் நினைத்தேன். அதற்குள் அவர்கள் இறங்கிவிட்டார்கள்.

இருட்டும்போது கன்று தானாக வீடு வந்து சேர்ந்தது. அண்ணன் வரவில்லை. மேற்குப் பள்ளம் முழுவதும் தேடினார்கள். மறுநாள் காலையில்தான் ஒருவர் கிழக்கே இறங்கிப் பார்த்தார். கோயிலுக்கு நேர் கீழே ஒரு நாவல் மரத்தில் அண்ணன் சாய்ந்து உட்கார்ந்திருந்தாராம். தொடை எலும்பு முறிந்திருந்தது. முதலில் தொட்டுப் பார்த்தவர் பக்கத்துத் தோட்டத்துக்காரர்தான். மேலே வந்து அவர் சொன்னதை நான் கேட்டேன்.

"உடம்பு இன்னும் சூடு ஆறல."

இவ்வளவையும் நான் தலை குனிந்தபடியே சொன்னேன். முடித்ததும், அண்ணன் மகள் அழுவாள் என்று நினைத்தேன். அவள் பாயில் கிடந்த மிளகை விரலால் ஒதுக்கி ஒரு கோடு போட்டாள்.

"காத்து எந்தப் பக்கம் இருந்துச்சு?"

"காத்தே இல்ல. தூறல் மட்டும்தான்."

"பாறையில நின்ன எடம் நுனியா, உள்ளயா?"

"நுனி."

"மூணு தடவையும் அவங்க ரெண்டு பேரும் 'கூ' குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க."

அவள் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "ரெண்டு பேரும் ஒரே முகட்டுல. அவங்களுக்கு மேக்கயும் கெழக்கயும் ஒண்ணுதான். உங்க பாறைதான் மூணாவது." பிறகு மெதுவாக, "கெழக்கதான் அத்தை. நீங்க சொல்லியிருந்தா கெழக்க போயிருப்பாங்க" என்றாள்.

எழுந்து குழாயடிக்குப் போய் முகம் கழுவினாள். வெகு நேரம் கழுவினாள். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது.

"அன்னிக்கு என்னைப் பெரியப்பா ஊட்டுல விட்டிருந்தாங்க. எனக்கு இட்லி குடுத்தாங்க. நாலு தின்னேன். அப்பா அந்த நேரத்துல உயிரோட இருந்திருக்காருல்ல." பிறகு கேட்டாள், "அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"நான் சொல்லமாட்டேன் அத்தை. நீங்கதான் சொல்லணும்."

அன்றும் மறுநாளும் நான் வேலை செய்தேனே தவிர, செய்தது எதுவும் நினைவில் இல்லை. அண்ணிக்கும் எனக்கும் நடுவில் சண்டை என்று ஒன்று வந்ததில்லை. என் தலைவலித் தைலம் எங்கே இருக்கிறது என்று எனக்கு முன்னால் அவருக்குத் தெரியும். அண்ணன் போன பிறகு, "உங்க அண்ணன் இல்லைன்னு நீ எங்கயும் போயிராத புள்ள" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னவர். அவரிடம் போய், உங்கள் வீட்டுக்காரரை நான் காப்பாற்றியிருக்கலாம், வாயை மூடிக்கொண்டு நின்றேன் என்று எப்படிச் சொல்வது? சொன்ன பிறகு அந்த வீட்டில் எந்த முகத்தோடு இருப்பது? எனக்குப் போக வேறு இடமும் இல்லை. ஆனாலும் தெரிந்த பிறகு அவர் போட்ட சோறு எனக்கு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் காலை அண்ணி மாடு கறந்துகொண்டிருந்தார். முகம் மாட்டின் வயிற்றுப் பக்கம் திரும்பியிருந்தது. அதனால்தான் என்னால் பேச முடிந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். பாதியில் பால் பீய்ச்சும் சத்தம் நின்றது. மாடு காலை மாற்றி வைத்தது. நான் முடித்த பிறகும் அண்ணி திரும்பவில்லை.

"பாலை எடுத்துப் போய் ஊத்தி வை" என்றார்.

இரண்டு நாள் அவர் என்னிடம் பேசவில்லை. சோறு மட்டும் போட்டு வைத்தார். நான் என் துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்தேன். அதே பழைய பெட்டி. இரண்டாம் நாள் மாலை நான் அதை மூடிக்கொண்டிருந்தபோது அண்ணி வாசற்படியில் வந்து நின்றார்.

"என்னத்துக்கு மடிக்கற?"

நான் பெட்டியின் கொக்கியை மாட்டினேன்.

"எந்தப் பக்கம்னு என்னையத்தான் கேட்டாங்க" என்றார். "உன்னையக் கேக்கல. என்னையக் கேட்டாங்க. எனக்குத் தெரியல. தெரியலைன்னு சொல்லியிருக்கலாம். மேக்கன்னேன். ஏன்னு தெரியுமா? கெழக்கன்னா செங்குத்துப் பள்ளம். வுழுந்தா எந்திரிக்க முடியாது. அவரு அங்க கெடக்கறாருன்னு என்ற வாயால சொல்ல முடியல புள்ள. மேக்க இருக்கட்டும், மேக்க இருக்கட்டும்னு மனசுல வேண்டிக்கிட்டே இருந்தேன். வேண்டினதையே சொல்லிட்டேன்."

அறைக்குள் நின்றிருந்த அண்ணன் மகள் வெளியே வந்தாள். அண்ணி அவளிடம் திரும்பினார்.

"நெசமாலுமே கெழக்க கத்தினா அந்தப் பாறைக்குக் கேக்காதா? கூட்டிக் கழிச்சுச் சொல்றியா, தெரிஞ்சு சொல்றியா?"

"கணக்குத்தாம்மா. பாத்தாத்தான் தெரியும்."

"அப்பப் பாரு. எனக்குத் தெரியணும்."

மறுநாள் காலை வெயில் இல்லை. லேசான மூட்டம். அண்ணி வீட்டு முன்னால், அன்று நின்ற அதே இடத்தில் நின்றார். பக்கத்துத் தோட்டத்துக்காரரைக் கோயில் மேட்டில் நிற்கச் சொன்னாள் மகள். எதற்கு என்று அவரிடம் அண்ணி முழுவதும் சொல்லிவிட்டார். அவர் துண்டை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டார்.

"ஒரே ஒரு விதிங்க பெரியப்பா" என்றாள் மகள். "கேட்டா 'கூ' குடுங்க. கேக்கலைன்னா, 'கேக்கல'ன்னு கத்திச் சொல்லணும். யாரும் சும்மா இருக்கக் கூடாது."

"கேக்காததுக்கு எதுக்குக் கண்ணு கத்தோணும்? போற வார பஸ்காரன் பைத்தியம்னு நெனைக்கப் போறான்."

"நெனைக்கட்டுங்க பெரியப்பா."

எங்கள் மூன்று பேருக்கும் நேரம் சொல்லிவிட்டு அவள் போனாள். எட்டரைக்கு மேற்குப் பள்ளத்திலிருந்து கூப்பிடுவாள். ஒன்பதரைக்குக் கிழக்கிலிருந்து, அந்த நாவல் மரத்தடியிலிருந்து கூப்பிடுவாள். பக்கத்துத் தோட்டத்துக்காரரின் மகன்மார் இருவர் கயிறோடு துணைக்குப் போனார்கள்.

நான் பாறை நுனியில் நின்றேன். பதினாறு வருடமாக அங்கே போனதில்லை. எட்டரைக்கு, "அத்தே..." என்று அவள் குரல் கீழிருந்து வந்தது. பக்கத்தில் நின்று கூப்பிடுகிற மாதிரி கேட்டது. அவள் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. நான் 'கூ' கொடுத்தேன். கோயில் மேட்டிலிருந்து ஒன்று, வீட்டிலிருந்து ஒன்று. மூன்று பேருக்கும் கேட்டது.

அதற்கப்புறம் ஒரு மணி நேரம். மூட்டம் கொஞ்சம் அடர்ந்தது. நான் கையிலிருந்த கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கேட்டுவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். கேட்டுவிட்டால் அன்று என் காதுதான் மந்தம், நான் சொல்லியிருந்தாலும் ஒன்றுமில்லை என்றாகிவிடும். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் அப்படித்தான் வேண்டினேன்.

ஒன்பதரை ஆனது.

கோயில் மேட்டிலிருந்து 'கூ' வந்தது. பலமாக வந்தது. பிறகு வீட்டுப் பக்கமிருந்து அண்ணியின் 'கூ', நடுங்கிக்கொண்டே வந்தது.

எனக்கு இலைகளில் தண்ணீர் சொட்டுவது கேட்டது. ஓடை கேட்டது. வேறொன்றும் கேட்கவில்லை. மூச்சை நிறுத்திக் கேட்டேன். இல்லை. முதுகுக்குப் பின்னால் மலை சுவராக நின்றது. அதற்கு அந்தப் பக்கம், அண்ணன் சாய்ந்திருந்த மரத்தடியில் அவர் மகள் நின்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கிறாள். எனக்குத் துளியும் கேட்கவில்லை.

இரண்டாவது தடவையும் இரண்டு 'கூ' வந்தன. என் முறை. வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. வருகைப் பதிவில் ஒட்டிக்கொண்ட அதே நாக்கு. மூன்றாவது தடவையும் அவர்கள் இருவரும் குரல் கொடுத்து ஓய்ந்தார்கள். எல்லோரும் எனக்காகக் காத்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. அப்படி யாரும் எனக்காக எப்போதும் காத்திருந்ததில்லை.

"கேக்கல!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. "பாறைக்குக் கேக்கல அண்ணி! எனக்குக் கேக்கல!"

மேற்குப் பள்ளம் அதைத் திருப்பிச் சொல்லி அடங்கியது. பாறைமேல் உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு முகட்டு மேலிருந்து, வீட்டுப் பக்கமிருந்து, அண்ணியின் குரல் வந்தது.

"கேட்டுச்சு புள்ள! நீ சொன்னது கேட்டுச்சு! மேல வா, கெழக்க போலாம்."

நான் எழுந்து போனேன். அண்ணி முகட்டுப் பாதையில் எனக்காக நின்றுகொண்டிருந்தார். முகம் அழுது வீங்கியிருந்தது. வீட்டிலிருந்து கொண்டு வந்திருந்த கயிற்றின் ஒரு முனையை என் கையில் கொடுத்துவிட்டு, அவர் முன்னால் இறங்க ஆரம்பித்தார்.